பந்தயப் பள்ளிக்கு நாமும் போகலாமா?

"பெண்பிள்ளைக்குக் கார்ப் பந்தயம் எதற்கு?" என்று கேட்பவர்கள், பந்தயப் பள்ளியில் என்னதான் கற்பிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. அங்கே வேகத்தைவிட பிரேக்குக்கே முதலிடம். வளைவு வருமுன், கார் நேராக ஓடும்போதே வேகத்தைக் குறைத்து, அதன் பிறகே திருப்ப வேண்டும். பார்வையோ வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். இதையே சில நாட்கள் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். கணக்குப் பாடத்தைவிடப் பொறுமை வேண்டும் போலும்!

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1992-இல் பிரான்ஸ் நாட்டு வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குச் சென்றபோது அவருக்கு வயது 15. 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். நமக்கும் வயது 15தான். 1975-இல் ஸ்பெயின் பந்தயத்தில் ஆறாவதாக வந்த இத்தாலியின் லெல்லா லொம்பார்டி பெண்தானே?

கட்டணம் அதிகம் என்று சொல்லுங்கள், அப்பா, பேசாமல் இருந்துவிடுவோம். ஆபத்து என்றால், அண்ணனுக்கும் அதே பதிலைச் சொல்லுங்கள்.