வெயில் கழுவும் நீர்

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் செழித்திருந்த காலத்தில், ஈயத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய கனமான கரிய மணலை ‘அமாங்’ என்று அழைத்தனர். அதில் இல்மனைட் என்னும் கனிமம் மிகுதி. இல்மனைட்டிலிருந்து எடுக்கப்படும் டைட்டானியம் டைஆக்சைடு, சுவர்ச் சாயத்திலும் பற்பசையிலும் கலக்கப்படும் சாதாரண வெள்ளைத் தூள்தான். அந்தத் தூளுக்கு, வெயிலின் துணையோடு அழுக்கு நீரைத் தூய்மைப்படுத்தும் ஆற்றலும் உண்டு. ஈயத்தால் வளர்ந்த ஈப்போ வட்டாரத்துக்கு இச்செய்தி மிகவும் பொருத்தமானது. ஆயினும், எந்த நீரை எங்கே வைத்துத் தூய்மைப்படுத்துவது என்று சிந்திக்காமல் இதைக் கொண்டாடுவது பொருந்தாது.

1972இல் ஜப்பானிய அறிவியலாளர்களான அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹொண்டாவும், டைட்டானியம் டைஆக்சைடு மீது ஒளி படும்போது நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவதை உலகுக்கு அறிவித்தனர். 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நீரில் கலந்த சயனைடு நஞ்சையும் இதே தூளால் சிதைக்க முடியும் என்று காட்டினர். இதனை ஒளிவினையூக்கம் என்பர்.

ஒளி பட்டதும் துகளிலுள்ள எலக்ட்ரான் இடம்பெயர்கிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம் நீரோடு வினைபுரிந்து, ஹைட்ராக்சில் என்னும் துடிப்பான துணுக்குகளை உண்டாக்குகிறது. இத்துணுக்குகள் சாயம், பூச்சிமருந்து போன்ற கரிமப் பொருள்களைத் தாக்கிப் படிப்படியாகக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. துகள் எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கு ஒளி படும் பரப்பு கூடும். அதனால்தான் அதை நானோ அளவில் தயாரிக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஒரு மில்லியன் கூறுகளாகப் பிரித்தால், அதில் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர்.

இனி, தோட்டங்களைப் பார்க்கலாம். பால்மரங்களுக்கும் செம்பனைக்கும் இடையே களையை அழிக்கப் பல்லாண்டுகள் பாராகுவாட் தெளிக்கப்பட்டது. முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் தமிழ்ப் பெண்கள் பலர். ஆய்வகக் குடுவைக்குள் பாராகுவாட்டை ஒளிவினையூக்கம் சிதைக்கும். ஆனால், காடு முழுவதும் தெளித்து மழையில் அடித்துச் செல்லப்பட்ட மருந்தை எந்தத் தூள் தேடிப் பிடிக்கும்? அந்த மருந்து தெளித்தவர்களின் தோலிலும் மூச்சிலும் கலந்ததை எந்த வெயில் கழுவும்? இங்கே உதவியது சட்டம்தான். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட் தடைசெய்யப்பட்டது. மூலத்திலேயே நிறுத்தக்கூடிய நஞ்சுக்கு, அறிவியல் வந்து துப்புரவு செய்யட்டும் என்று காத்திருப்பது நியாயமில்லை.

ஒரே இடத்தில் சேரும் கழிவுநீரின் நிலை வேறு. பழைய ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து வெளியாகும் நீர் கடும் பழுப்பு நிறமுடையது. அதற்குள் வெயில் புகாது. முதலில் குளங்களில் தேக்கி நுண்ணுயிர்களால் சிதைக்கவிட வேண்டும். அதன் பிறகும் போகாத நிறத்தையும் எஞ்சிய கரிமப் பொருளையும் நீக்கும் கடைசிக் கட்டத்தில் ஒளிவினையூக்கியைப் பயன்படுத்தலாம். ஆற்றில் கலப்பதற்கு முன், ஆலை வாசலிலேயே இது நடக்க வேண்டும்.

தடைகளும் உள்ளன. டைட்டானியம் டைஆக்சைடு ஏற்பது புற ஊதா ஒளியை மட்டுமே. வெயிலில் அது ஏறத்தாழ 5 விழுக்காடுதான். பழைய ஈயக்குட்டைகளில் ஆர்சனிக் போன்ற தனிமங்கள் இருந்தால், அவற்றைச் சிதைத்து இல்லாமல் ஆக்கவும் இதனால் முடியாது. மற்றொரு தூளான துத்தநாக ஆக்சைடு, ரப்பரை வலுப்படுத்தவும் பயன்படுவதால், ரப்பர் தொழிலுக்குப் பழக்கமானதே. அதுவோ அமில நீரில் கரைந்து துத்தநாகத்தை வெளியிடும். நானோ துகளை நீரிலிருந்து வடிகட்டி மீட்பதும் எளிதன்று. ஆகவே, தூளை நீரில் கொட்டாமல் கண்ணாடித் தகட்டில் பூசி, அதன்மேல் நீரை ஓடவிடும் முறையே மேலானது.

கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இத்துறை ஆய்வுகள் நடந்துள்ளன. இத்தகைய ஆய்வுகள் ஆய்வகக் குடுவையைத் தாண்டி, உண்மையான ஆலைக் கழிவுநீரோடு பேராக்கின் திறந்த வெயிலில் சோதிக்கப்பட வேண்டும். அச்சோதனையில் நிறம் மறைந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. வெளியேறும் நீரில் டைட்டானியமும் துத்தநாகமும் எவ்வளவு கலந்துள்ளன என்பதையும் அளந்து, ஆற்றோரம் வாழும் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.