மூன்றரை வட்டியில் ஒரு பாங்காக் பயணம்!

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, முதல் ஷிப்டு விட்டதும் நேரே நம் அலுவலகத்துக்கு வந்தார், கோவைப் பக்கத்து மில் தோழர் ஒருவர். தலையில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். “பையன் வாங்குன கடனுக்கு நான் ஜெயிலுக்குப் போகோணுமுங்களா, தோழரே?” என்று கேட்டார்.

கடிதம் ஒரு பாங்கியிலிருந்து வந்தது. தோழரின் மகன் ஒரு தனியார் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. கேட்காமலே வீடு தேடி வந்தது ஒரு கிரெடிட் கார்டு. கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து நாலு நாள் பாங்காக் போனார்கள். கைப்பணம் தீர்ந்ததும், அந்த ஊர் ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகி 20,000 ரூபாய்க்குத் தாய்லாந்து நோட்டு எடுத்தான் பையன். திரும்பி வந்து மாதம் ஆயிரம் வீதம் பத்து மாதம் கட்டினான். பிறகு வேலை போயிற்று. இப்போது வசூல்காரர்கள் தகப்பனாரின் மில் கேட்டுக்கே போன் போடுகிறார்கள்.

பத்து மாதத்தில் கட்டியது 10,000. பாக்கி எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 20,000! எடுத்த பணம் எடுத்தபடியே நிற்கிறது.

இது என்ன மாயம்? கணக்கைப் பார்ப்போம். நம் ஊரில் வட்டியை மாதக் கணக்கில்தான் பேசுவோம். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றாலே வயிற்றைக் கலக்கும். கார்டுக்கு நூற்றுக்கு மூன்றரை வட்டி. சில பாங்கிகளில் மூன்றே முக்கால். அதாவது வருஷத்துக்கு நூற்றுக்கு 42 முதல் 45 வரை! கார்டைக் கொடுத்துச் சாமான் வாங்கினால், கெடுவுக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. ரொக்கம் எடுத்தாலோ கெடு என்பதே கிடையாது. நோட்டு கையில் விழுந்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

பையன் எடுத்த இருபதாயிரத்துக்கு, ரொக்கம் எடுத்ததற்கான கட்டணம் நூற்றுக்கு இரண்டரை வீதம் 500 ரூபாய். அன்னிய நாணயமாக மாற்றியதற்கு நூற்றுக்கு மூன்றரை வீதம் 700. இந்த இரண்டின்மேலும் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி., 216. முதல் மாத வட்டி 700. அந்த வட்டியின்மேலும் ஜி.எஸ்.டி., 126. ஆக முதல் மாதத்திலேயே 2,242 ரூபாய் காலி. அந்த ஊர் ஏ.டி.எம். பிடித்துக்கொண்ட 200 பாட்டுக்கு மேற்பட்ட கூலி இதில் சேரவில்லை. இதற்குப் பிறகு மாதாமாதம் அவன் கட்டிய ஆயிரத்தில் எண்ணூறுக்கு மேல் வட்டிக்கும் வரிக்குமே போயிற்று. முதலில் என்ன குறையும்?

வட்டிக்கு வரி! தோழர்களே, இதைக் கவனியுங்கள். கடன்பட்டவன் கொடுக்கும் வட்டியில் சர்க்காரும் பங்கு வாங்குகிறது. மூன்றரை வட்டி என்று சொல்லிக் கொடுத்தது, வரியும் சேர்ந்து நாலு வட்டியைத் தாண்டுகிறது.

இதே வட்டியைத் தெருக்கோடி லேவாதேவிக்காரன் வாங்கினால் அது குற்றம். தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷம் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் வந்தது. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து வாங்கினால் அது கந்துவட்டி அல்லவாம்! பாங்கிகளை அந்தச் சட்டம் தொடுவதில்லை. அது மட்டுமா? 1949-ஆம் வருஷத்து பாங்கிச் சட்டத்தில் பின்னால் 21-ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக எந்தக் கோர்ட்டும் பாங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். கார்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008-ல் தீர்ப்புச் சொன்னது. பாங்கிகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடின. 2024 டிசம்பர் 20-ல் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. வட்டி விவகாரம் ரிசர்வ் பாங்கியைச் சேர்ந்தது, கமிஷனுக்கு அதிகாரம் இல்லை என்றது கோர்ட். ரிசர்வ் பாங்கியோ இன்ன வட்டிக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு எதையும் போடவில்லை. அநியாய வட்டி வாங்காதீர்கள் என்று உபதேசம் செய்துவிட்டு, எவ்வளவு என்பதை பாங்கி டைரக்டர்களிடமே விட்டிருக்கிறது. பாலுக்குக் காவல் பூனை!

இனி, அயல்நாட்டு உல்லாசத்தின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஓர் ஆள் வருஷத்துக்கு 25,000 டாலர் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று 2004-ல் திறந்த கதவு, 2015-ல் 2,50,000 டாலராக அகன்றது. 2023-24-ல் இந்த வழியாகப் போனது 3,100 கோடி டாலருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் பிரயாணச் செலவு.

வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செய்யும் செலவு மட்டும் இந்தக் கணக்கில் சேராமல் இருந்தது. 2023 மே 16-ல் அதையும் சேர்த்து ஓர் அறிவிப்பு வந்தது. ஜூலை முதல் 20 சதவிகிதம் முன்கூட்டியே பிடிப்போம் என்றார்கள். பிடித்த பணம் எங்கும் போய்விடாது, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கே கனவான்கள் போட்ட கூச்சல் கொஞ்சமா? மூன்றே நாளில் ஏழு லட்சம் வரை விலக்கு. ஜூன் 28-ல் அறிவிப்பே ஒத்திவைப்பு! ஆறு வாரத்தில் சர்க்கார் பணிந்தது. மில் தொழிலாளியின் மகன் வட்டிமேல் கட்டும் 18 சதவிகிதத்தை எந்த வரியிலும் கழிக்க முடியாது. அதற்காக எந்த மந்திரி வாய் திறந்தார்?

முழுப் பணத்தையும் கெடுவில் கட்டிவிடும் சீமான்களுக்கு அதே கார்டு புள்ளி கொடுக்கிறது, விமான டிக்கெட் கொடுக்கிறது, விமான நிலையத்தில் இலவசச் சாப்பாடு போடுகிறது. பாங்கி இதைத் தன் பையிலிருந்தா கொடுக்கிறது? கடைக்காரனிடம் பிடிக்கும் கமிஷனும் கடன்காரனிடம் பிடிக்கும் வட்டியும்தான் அந்தச் சாப்பாடு.

பையன் செய்தது சரி என்று நாம் சொல்லவில்லை. கூட்டாளிகளுக்கு முன்னால் கௌரவம் பார்த்தான். தகப்பனாரும் அன்று அப்படித்தான் திட்டினார். ஆனால் உழைப்பவன் பிள்ளை கடல் தாண்டி ஊர் பார்க்கக் கூடாது என்று எவனாவது சொன்னால் அதையும் ஏற்கமாட்டோம். 1948-ஆம் வருஷத்து பாக்டரி சட்டம் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்றது. லீவு கிடைக்கிறது, அந்த லீவில் ஊர் பார்க்கக் கூலி போதவில்லை. அந்த இடைவெளியில்தான் கார்டு நுழைகிறது. பாங்காக்குக்கு மட்டுமா? ஆஸ்பத்திரிக்கும் காலேஜ் பீஸுக்கும் கார்டைத் தேய்த்து, நூற்றுக்கு இரண்டு மூன்று பிடித்துக்கொண்டு ரொக்கம் கொடுக்கும் கடைகளை நம் ஊர்களிலேயே பார்க்கிறோம்.

தோழரின் கேள்விக்கு வருவோம். தகப்பன் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை மகன் கார்டுக் கடனுக்கு அவர் பொறுப்பல்ல. கடனைக் கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் யாரையும் ஜெயிலில் போட முடியாது. காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் வசூல்காரன் கூப்பிடக் கூடாது, குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கியின் உத்தரவு. மீறினால் முதலில் பாங்கிக்கே எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

அன்று இரவே தோழரை உட்காரவைத்துப் புகார் எழுதினோம். போன் வந்த தேதி, நேரம், பேசிய பேச்சு எல்லாவற்றையும் அவர் ஷிப்டு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தார், பதினேழு தடவை. மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. பாங்கியின் பதில் வந்ததும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.