பூநாரைக்கு வேண்டிய சேறு

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வேட்டைக்குத் தடை வந்தது, நன்று. ஆயினும், சுடாதிருப்பது மட்டுமே பறவையைக் காப்பதாகிவிடுமா?

குளிர்காலத்தில் வரும் பூநாரை, ஆழமற்ற நீரில் காலூன்றி, அலகைத் தலைகீழாக அமிழ்த்திச் சேற்றுநீரை வடிகட்டி இரை கொள்ளும். அதற்கேற்ற ஆழத்தைக் காப்பது ஏரியின் முகத்துவாரமே. மழைக்காலத்தில் ஆரணியாறு நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடலின் ஓதநீர் ஏறி இறங்குகிறது. மணல் அதனை அடைத்துவிட்டால் கோடையில் நீர் வற்றி உப்பு மிகும்; இறால் குஞ்சுகள் உட்புக வழியிராது. ‘பாடு’ என்னும் முறைவைத்து வலையிடும் மீனவருக்கும் அதுவே கேடு.

தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகங்கள். மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். தொழிலே வேண்டாம் என்பது என் கருத்தன்று. திருவள்ளூர் மாவட்டத்தில் பல வீடுகளில் அடுப்பெரிவது அதனால்தான். ஆனால், கடலுள் நீளும் துறைமுகச் சுவர் கரையோர மணலின் போக்கை மாற்றும். ஆற்றில் விடப்படும் ஆலைக்கழிவு இறுதியில் ஏரியைச் சேரும். எனவே, சரணாலய எல்லைக்கு வெளியே வழங்கப்படும் அனுமதியும், உள்ளிருக்கும் நீரையும் சேற்றையும் அது என்ன செய்யும் என ஆராய்ந்தபின்பே வழங்கப்பட வேண்டும். அவ்வாய்வில், நாள்தோறும் அந்நீரில் இறங்கும் மீனவரையும் கேட்க வேண்டும்.