அருள்மொழிக்கு என்ன கனவு?

சீர்காழிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன். துணைப்பாடமாகப் 'பார்த்திபன் கனவு' வந்த வருடங்களில் எல்லாம் நான் கேட்ட கேள்விகள் மூன்றே மூன்று. பார்த்திபன் கண்ட கனவு யாது? விக்கிரமனின் வீரத்தை விளக்குக. சிவனடியார் யார்? பிள்ளைகள் எழுதினார்கள், நான் மதிப்பெண் போட்டேன். போன வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேடம், அருள்மொழி ராணிக்கு என்ன கனவு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததற்கு வெட்கப்பட்டு எழுதுகிறேன்.

கல்கி எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். மணல்மேட்டுக்கு அருகே புத்தமங்கலத்தில் பிறந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல், புதிதாகத் தொடங்கிய தம் இதழில் இந்தத் தொடரை எழுத ஆரம்பித்தார். பல்லவனுக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்ற சோழ மன்னனில் அன்றைய வாசகர்கள் வெள்ளையனுக்கு அடங்காத தேசத்தைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களைக் கண்டு மலைக்கிற பிள்ளைகள் இன்றும் இதன் வழியாகத்தான் சரித்திர நாவலுக்குள் நுழைகிறார்கள். நானும் பத்தாம் வகுப்பு விடுமுறையில் பொன்னனின் படகில் ஏறியவள்தான்.

இப்போது சுதந்திரம் இந்தக் கதையில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். பார்த்திபன் தன் கனவைச் சித்திரமாகத் தீட்டி வைத்து மகனிடம் ஒப்படைக்கிறான். வெண்ணாற்றங்கரையில் விழுந்து கிடக்கும்போது, மகனை வீரனாக வளர்ப்பதாகச் சிவனடியார் வாக்குக் கொடுக்கிறார். அந்தச் சிவனடியார் வேறு யாருமில்லை, எந்தப் பல்லவனை எதிர்த்துப் பார்த்திபன் செத்தானோ அதே நரசிம்ம சக்கரவர்த்திதான். கடைசியில் மாறுவேடம் கலைகிறது. சக்கரவர்த்தி விக்கிரமனுக்கு முடியைக் கொடுக்கிறார், மகள் குந்தவியையும் கொடுக்கிறார். தகப்பன் மகனுக்கு, சக்கரவர்த்தி மருமகனுக்கு. ஆண் கையிலிருந்து ஆண் கைக்கு.

அருள்மொழி என்ன செய்கிறாள்? கணவன் போருக்குப் போகும்போது அழாமல் வழியனுப்புகிறாள். மகனை வளர்க்கிறாள். மகன் நாடு கடத்தப்பட்ட பிறகு தீர்த்த யாத்திரை போகிறாள். தை அமாவாசைக் கூட்டத்தில் காவிரி சங்கமத்தில், அதாவது எங்கள் பூம்புகார்க் கரையில், பறிகொடுக்கப்படுகிறாள். பிறகு ஆண்கள் தேடி மீட்கிறார்கள். குந்தவி துணிச்சல்காரி, விக்கிரமனை விரும்பித்தான் மணக்கிறாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவள் விருப்பம் நிறைவேறுவது அப்பா மனம் வைப்பதால்தான்.

"ஏழாம் நூற்றாண்டுக் கதையை இன்றைய கண்ணால் பார்க்கலாமா?" என்று உடன் பணியாற்றும் ஐயா ஒருவர் கேட்டார். கல்கி எந்தக் கண்ணால் பார்த்தார்? 1941-இன் கண்ணால்தானே! அது தவறில்லை என்றால் என் மாணவியின் கண்ணும் தவறில்லை. இன்னொன்று, பார்த்திபனும் விக்கிரமனும் அருள்மொழியும் கற்பனைப் பாத்திரங்கள். அவளுக்கு ஒரு கனவைக் கொடுக்க எந்தக் கல்வெட்டு தடுத்தது? ராஜாவுக்கு மண்டபம் நிறையச் சித்திரம் தீட்டிய கற்பனை, ராணிக்கு ஒரு சுவரையும் ஒதுக்கவில்லை.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்கிறீர்களா? எங்கள் வகுப்புக்கு வந்து பாருங்கள். பெற்றோர் கூட்டத்தில் அப்பாக்கள் பெருமையோடு சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "எங்க பொண்ணுக்கு நாங்க முழு சுதந்திரம் கொடுத்திருக்கோம்." கொடுத்தவருக்குத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் தெரியும். எந்தப் பாடம் படிக்கலாம், செல்போன் எத்தனை மணி வரை, பஸ்ஸை விட்டு இறங்கி யாரோடு பேசலாம் என்று அளந்து கொடுக்கப்படும் சுதந்திரம் அது. நல்ல அப்பாக்கள்தான், அன்பானவர்கள்தான். நரசிம்ம சக்கரவர்த்தியும் அன்பானவர்தான். மாறுவேடத்தில் எல்லோர் பின்னாலும் போய் வேவு பார்த்துக்கொண்டே அன்பு செலுத்துகிறார். அதைப் பெருந்தன்மை என்று விடைத்தாளில் எழுதவைத்து, அதற்கு ஐந்து மதிப்பெண் போடுகிறவள் நான்.

அந்தத் தொடர் வந்த அதே காலத்தில் இந்த டெல்டாவில் வேறொரு விடுதலைப் போர் மூண்டது. சோழ நாட்டின் வளம் என்று நாவல்கள் பாடும் வயலில் நாற்றுப் பறித்து நட்ட பெண்களும் ஆண்களும் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்தார்கள். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, வாயில் சாணிப்பால். இவை கூடாது என்று எழுத்தில் வந்தது 1944-இல், மன்னார்குடி ஒப்பந்தத்தில். யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. சங்கம் கட்டி வாங்கியது.

அந்தச் சங்கத்தை ஊர் ஊராகக் கட்டியவர்களில் ஒருவர் மணலூர் மணியம்மை. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் மணம் முடித்து விதவையானவர். மொட்டையடித்து மூலையில் உட்கார வேண்டியவர் தலைமுடியைக் கிராப் வெட்டிக்கொண்டார், வேட்டியும் சட்டையும் அணிந்தார், சைக்கிள் ஓட்டினார், சிலம்பம் கற்றார், சேரிக்குள் போய் உட்கார்ந்தார். அவருக்கு யாரும் முடிசூட்டவில்லை. 1953-இல் இறந்த அவர் கிட்டத்தட்ட மறக்கப்பட்டே போயிருப்பார். ராஜம் கிருஷ்ணன் தேடி அலைந்து 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலை எழுதியதால் நமக்குக் கிடைத்தார்.

அதுவும் சரித்திர நாவல்தான், அதிலும் விடுதலை உண்டு, காவிரித் தண்ணீர் உண்டு. கல்கியின் நூல்களைப் போலவே ராஜம் கிருஷ்ணனின் நூல்களும் நாட்டுடைமை ஆகிவிட்டன. பிறகு ஏன் அது எங்கள் பிள்ளைகள் கைக்கு வரவில்லை? பாடத்திட்டக் குழுவில் உட்காருகிறவர்கள் பதில் சொல்லட்டும்.

'பார்த்திபன் கன'வை எடுத்துவிடச் சொல்லவில்லை. படிக்கட்டும், பொன்னனின் படகில் ஏறட்டும், வள்ளியின் வாய்த்துடுக்கை ரசிக்கட்டும். ஆனால் பக்கத்தில் மணியம்மையும் உட்காரட்டும். வெண்ணாற்றங்கரையில் பார்த்திபனோடு செத்த ஆயிரக்கணக்கான வீரர்களின் வீட்டில் மறுநாள் அடுப்பை மூட்டியது யார் என்ற கேள்வியும் வினாத்தாளில் வரட்டும்.

இந்த வருடம் உள்தேர்வில் அந்த மாணவியின் கேள்வியையே வைத்தேன். பலர் மகன் முடிசூட வேண்டும் என்பதே ராணியின் கனவு என்று எழுதியிருந்தார்கள். நான் சொல்லிக் கொடுத்ததை என்னிடமே திருப்பித் தந்திருக்கிறார்கள். நாலைந்து பேர் விடைக்கு இடம் விட்டுவிட்டு வெறுமனே விட்டிருந்தார்கள். ஒருத்தி எழுதியிருந்தாள்: "தெரியவில்லை. அவளை யாரும் கேட்கவில்லை."

கேள்வி கேட்டவள் தேர்வு எழுத வரவில்லை. தை மாதம் கல்யாணம் ஆகிவிட்டது. "கடைசி செமஸ்டரை முடிக்க விடுறேன்னு சொல்லியிருக்காங்க மேடம்" என்றாள் போனில்.

விடுகிறார்களாம்.