மழை பெய்தது! மாலை யாருக்கு?

வானம் பார்த்த பூமியிலே மழை பெய்துவிட்டால் முதல் வணக்கம் வானத்துக்கு. இரண்டாம் வணக்கம், வானத்தை வளைத்து வாங்கித் தந்ததாகச் சொல்லிக்கொள்வோருக்கு. உழைத்தவன் கைகூப்பி நிற்பான். அவனை நோக்கிக் கைகூப்புவார் எவருமிரார். இது நம் நாட்டுக்கே உரிய நோய் என்றெண்ணி நாணும் இளைஞர் பலரை நாம் காண்கிறோம். "அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே அறிவல்லவா அரசோச்சுகிறது!" என்கிறார்கள். பார்ப்போம், தோழர்களே! பார்த்துவிட்டே பேசுவோம்.

டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடி. நியூசெஸ் ஆற்றுக்கும் ரியோ கிராண்ட் ஆற்றுக்கும் இடையே கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. இடையிடையே கள்ளி, நம்மூர்ச் சீமைக் கருவேலத்தின் உடன்பிறப்பான மெஸ்கீட் முள்மரம். மாதக்கணக்கில் மழை இராது. வந்தாலோ, பத்தே நாளில் பழுப்பு நிலம் பச்சைப் பட்டுடுத்தும். அந்தப் பசுமையில் செக்கச் செவேலென்று மேய்கின்றன, சான்டா கெர்ட்ரூடிஸ் மாடுகள். இறைச்சிக்கென்றே உருவாக்கப்பட்ட இனம். பிறந்த இடம் 8,25,000 ஏக்கர் பரப்புள்ள கிங் பண்ணை.

இந்தக் காட்சியைக் கண்டு, "எல்லாம் மேலிருப்பவன் கருணை" என்பார் அங்கும் உண்டு. 2011ஆம் ஆண்டு டெக்சாசை வறட்சி வாட்டியது. ஓராண்டு வறட்சிகளில் அம்மாநிலம் கண்டவற்றுள் கொடியது அதுவே. மாநில ஆளுநர் ரிக் பெர்ரி என்ன செய்தார் தெரியுமா? ஏப்ரல் 22 முதல் 24 வரை மூன்று நாட்களை, மழைக்கான வேண்டுதல் நாட்கள் என்று அரசாணையாகவே அறிவித்தார்! விண்வெளிக் கலங்களை வழிநடத்தும் ஹூஸ்டன் நகரம் இருக்கிறதே, அதே மாநிலத்தில்! ஆணை வந்தது, மழை வரவில்லை. அக்கோடை முழுதும் அனல் கொட்டிற்று. வேளாண்மைக்கு நேர்ந்த இழப்பு 762 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அதில் பெரும்பங்கு கால்நடைகளால் வந்தது. மேய்ச்சல் இன்றி, தீவனம் வாங்க வகையின்றி, கன்று ஈனும் பசுக்களையே சந்தைக்கு ஓட்டினார்கள். பசிபிக் கடலின் நீர்ப்பரப்பு குளிர்ந்து, காற்றின் போக்கு மாறியதால் வந்த வறட்சி அது. 'லா நினா' என்று விஞ்ஞானிகள் முன்பே பெயரிட்டு வைத்திருந்த நிகழ்ச்சி. கடல் குளிர்ந்ததற்குக் கைகூப்பினால் ஆகுமா என்று கேட்கிறோம்.

வேண்டுதல் மட்டுமா? வெடியும் வைத்துப் பார்த்தார்கள்! பெரும்போர் நடந்த இடத்தில் மழை பெய்கிறது, ஆகவே வெடியோசைதான் மழைக்குக் காரணம் என்றொரு கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலவிற்று. (போர் பலவும் மழைக்காலத்தில் நடந்திருக்கலாமே என்று கேட்க ஆளில்லை.) அதை நம்பி அமெரிக்கப் பாராளுமன்றம் 9,000 டாலர் ஒதுக்க, 1891 ஆகஸ்டில் டைரன்ஃபோர்த் என்பார் மிட்லண்டு நகருக்கருகே ஒரு மாட்டுப் பண்ணையில் முகாமிட்டார். பீரங்கி முழங்கிற்று, பலூன்கள் வெடித்தன, பட்டத்தில் வெடி கட்டிப் பறக்கவிட்டார்கள். இடையிலே சில தூறல் விழ, "வெற்றி! வெற்றி!" என்றார் அவர். அது மழை பெய்யும் பருவம்தான் என்றார்கள் அறிந்தவர்கள். அடுத்த ஆண்டு சான் அன்டோனியோவில் முழக்கிப் பார்த்தார், முகில் மசியவில்லை. யாகப் புகைக்கும் வெடிப் புகைக்கும் நிறம்தான் வேறு. முன்னே நடந்தது பின்னே நடந்ததற்குக் காரணம் என்று கொள்ளும் பிழை இரண்டுக்கும் ஒன்றே.

மழை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மழை வந்தால் மட்டும் புல் வருமா என்பதே நம் கேள்வி. ஒரே வேலி, இருபுறமும் இரு பண்ணைகள், ஒரே நாளில் ஒரே அளவு மழை. ஒருபுறம் முழங்கால் அளவு புல். மறுபுறம் சேறும் களையும். கடவுளின் கருணை வேலி பார்த்தா விழும்? புல்லின் இலையில் பாதிக்குமேல் மாடு கடித்துவிட்டால், வேர் வளர்வது தடைப்படுகிறது. 1955இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டிற்று. வேர் குறுகிய புல், வறட்சியில் மாளும். மொட்டையான மண்ணில் மழைத்துளி மோதினால் மேற்பரப்பு இறுகும். நீர் உள்ளே இறங்காமல் ஓடும், மேல்மண்ணையும் சேர்த்துக்கொண்டு. 'பாதியை மேய், பாதியை விடு' என்று அங்குள்ள அறிவாளிப் பண்ணையாளர் சொல்வது இதனால்தான். விட்ட பாதி வீண் அல்ல. அதுவே நீரைத் தாங்கும் தாள், வேரைக் காக்கும் குடை. மந்தையை மாற்றி மாற்றி மேய்த்து, வறட்சியின் அறிகுறி கண்டதுமே மாடுகளைக் குறைத்தவனுக்கு அடுத்த மழை பயன் தரும். பேராசையால் அளவுக்கு மீறி அடைத்தவனுக்கு அதே மழை வெள்ளம். 1899இல் கிங் பண்ணைக்கு நீர் தந்ததும் வானம் அன்று. நிலத்தைத் துளைத்து இறக்கிய ஊற்றுக்கிணறு.

இனி, அந்தச் செம்மாட்டின் குலம் கோத்திரம் கேளுங்கள், சுவையாயிருக்கும். இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன் மாடு இறைச்சிக்குப் பேர்போனது. டெக்சாஸ் வெயிலில் வாடிற்று. உண்ணியால் பரவும் காய்ச்சல் வேறு. உண்ணிதான் காரணம் என்பதை 1893இல் ஸ்மித்தும் கில்போர்னும் மெய்ப்பிக்கும்வரை எதை எதையோ பழித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலையும் உண்ணியையும் தாங்கிற்று நம் நாட்டுத் திமில் மாடு. குஜராத்திலிருந்தும் நெல்லூர்ச் சீமையிலிருந்தும் சென்ற மாடுகளின் வழித்தோன்றலுக்கு அமெரிக்கர் 1924இல் வைத்த பெயர், 'பிராமன்'! இரண்டையும் கலந்தார்கள். 1920இல் பிறந்தது ஒரு செங்காளை. அதற்குப் பெயர் 'மங்கி', அதாவது குரங்கு. அதன் வழி வந்ததே இந்த இனம். எட்டில் மூன்று பங்கு பிராமன், ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன். 1940இல் அமெரிக்க அரசு அதைத் தனியினமாக ஏற்றது. இனப்பெயரோ கிறித்தவப் புனிதவதி ஒருவரின் பெயர்! கலப்பு என்றால் காதைப் பொத்திக்கொள்ளும் வருணக் காவலர்கள் இந்தக் காளையின் முன்னே ஒருமுறை நின்று பார்க்கட்டும். தூய்மை வெயிலில் துவண்டது; கலப்பு தழைத்தது.

இவ்வளவும் சொல்லி, பண்ணை முதலாளிக்கு மாலை சூட்டி முடித்துவிடலாமா? 1853இல் நிலம் வாங்கிய ரிச்சர்டு கிங் மாடு மேய்ப்பதில் அனுபவம் இல்லாத நீராவிப் படகு மாலுமி. மறு ஆண்டுவாக்கில், மெக்சிகோவின் டமாலிபாஸ் பகுதியில் வறட்சியால் வாடிய குரூயாஸ் என்னும் ஊருக்குச் சென்றார்; மாடுகளை விலைக்கு வாங்கினார்; மாடுகளோடு ஊர் மக்களையும் அழைத்து வந்தார். மாட்டை மடக்கவும், கயிறு வீசவும், கன்றை அறியவும், புல்லைப் பார்த்து நிலத்தின் நலம் சொல்லவும் தெரிந்தவர்கள் அவர்கள். 'ரான்ச்', 'லாசோ' முதலிய சொற்களே அவர்களுடைய ஸ்பானிய மொழியின் கொடை. தலைமுறை தலைமுறையாக அவர்களே மந்தை ஓட்டினார்கள்; குரங்குக் காளையின் கன்றுகளையும் அவர்களே பேணினார்கள்.

இனத்துக்குப் புனிதவதியின் பெயர். பண்ணைக்கு முதலாளியின் பெயர். மழைக்கு ஆண்டவன் பெயர். குரூயாஸ் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு? அவர்களுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: 'கினேஞோ'. கிங்கின் ஆட்கள் என்று பொருள்.