ஆரணி விவசாயிகள் முதலில் கேட்க வேண்டியது எது?

ஆரணி என்றாலே எல்லோருக்கும் பட்டுப்புடவைதான் ஞாபகம் வரும். ஆனால் அதே ஊரின் பெயர் இன்னொரு பொருளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்னையில் எந்த அரிசிக் கடைக்குப் போனாலும் 'ஆரணி அரிசி' என்று எழுதிய மூட்டை கண்ணில் படும். ஆரணியிலும் பக்கத்திலுள்ள களம்பூரிலும் அரிசி ஆலைகள் அத்தனை பிரபலம். தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டினால் சுற்றிலும் நெல் வயல்தான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நெல் போடுகிற பகுதி இது.

இந்தப் பகுதி விவசாயிகளுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. ஒன்றல்ல, பல. குறைதீர்வு நாள் கூட்டம் நடக்கும்போது அதிகாரிகள் முன்னால் கோரிக்கை மனுக்கள் குவிகின்றன. ஏரி ஆக்கிரமிப்பு, வரத்துக் கால்வாய் தூர் வாருதல், யூரியா தட்டுப்பாடு, காட்டுப்பன்றித் தொல்லை, கரும்பு நிலுவை, பயிர்க் காப்பீடு, கடன் தள்ளுபடி, நெல் கொள்முதல் நிலையம்... பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றும் நியாயமான கோரிக்கைதான். பிரச்சினை என்னவென்றால், இருபது கோரிக்கைகளை ஒரே வரிசையில் வைத்துக் கேட்டால், கொடுக்கிறவர் தனக்கு எது சுலபமோ அதை மட்டும் கொடுத்துவிட்டு, 'உங்கள் கோரிக்கையை ஏற்றோம்' என்று சொல்லிவிடலாம். அதைத்தான் அரசாங்கங்கள் செய்துவருகின்றன.

அப்படியானால் முதலிடம் எதற்கு?

ஒரு பைசா சொன்ன பாடம்

தமிழ்நாட்டு விவசாயிகள் இயக்கத்தின் சரித்திரத்தைப் புரட்டினால் பதில் தேட ஒரு வழி கிடைக்கும். 1970-ல் விவசாய மின்சாரக் கட்டணம் உயர்த்தப்பட்டபோது கோவை மாவட்ட விவசாயிகள் கிளர்ந்து எழுந்தார்கள். அவர்கள் நடத்தியதை இன்றும் 'ஒரு பைசா போராட்டம்' என்றே சொல்கிறார்கள். அந்த ஜூன் மாதம் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் கோவை நகரத்தையே மாட்டு வண்டிகளால் நிரப்பினார்கள். அந்த வருடமும் உயிர்கள் போயின. நாராயணசாமி நாயுடு தலைமையில் வளர்ந்த அந்த இயக்கத்துக்கு வேறு கோரிக்கைகளும் இருந்தன. ஆனால் மின்சாரம் என்ற ஒன்றை அவர்கள் முன்னால் நிறுத்தினார்கள், விடவில்லை. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதன் பிறகு அதில் கை வைப்பது எந்தக் கட்சிக்கும் சுலபமாக இருக்கவில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, கோரிக்கை ஒரே வரியில் சொல்லக்கூடியதாக இருந்தது. இரண்டாவது, கிடைத்த பலன் ஒருமுறை வந்து போகிற நிவாரணமாக இல்லாமல் ஒவ்வொரு பட்டத்திலும் தொடர்வதாக இருந்தது.

தள்ளுபடி என்ற இனிப்பு

இன்று சங்கங்களின் மேடைகளில் அதிகம் கைதட்டல் வாங்குவது கடன் தள்ளுபடி. அதற்கும் சரித்திரம் உண்டு. 2006-ல் ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடன் தள்ளுபடி ஆனது. 2016-ல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் 5,780 கோடி. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன்பு, 16.43 லட்சம் விவசாயிகளுக்கு 12,110 கோடி. நடுவில் 2017-ல் அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளுடன் நடந்த போராட்டத்தை நாடே பார்த்தது. 2016 தள்ளுபடியை எல்லா விவசாயிகளுக்கும் நீட்டிக்க வேண்டும் என்று அவருடைய சங்கம் தொடர்ந்த வழக்கில் உயர்நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து, சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் என்ற அரசின் முடிவு செல்லும் என்று சொல்லிவிட்டது.

தள்ளுபடி தப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது. வறட்சியில் அழிந்த பயிருக்கு வாங்கிய கடனை எங்கிருந்து கட்டுவது? ஆனால் அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மூன்று மாநிலத் தள்ளுபடிகளும் கூட்டுறவுக் கடனுக்கானவை. வட்டிக்காரரிடமோ, உரக்கடையிலோ, அடகுக் கடையிலோ பணம் புரட்டியவருக்கு இதில் ஒரு ரூபாய்கூட இல்லை. குத்தகைக்குப் பயிர் செய்கிறவரின் பெயரில் பெரும்பாலும் கூட்டுறவுக் கடனே இருப்பதில்லை.

ஒரு சின்ன கணக்கு

காமர்ஸ் படிக்கிற யாரும் போடக்கூடிய கணக்குதான் இது. எளிமைக்காக ஏக்கருக்கு 24 குவிண்டால் நெல் விளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் நிலையக் கணக்கில் 40 கிலோ மூட்டை, ஆக 60 மூட்டை.

2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை 156 ரூபாய். மொத்தம் 2,545. கொள்முதல் நிலையம் திறக்காத நேரத்தில், மழை மேகம் கூடியிருக்கும்போது, தரகர் 2,100-க்குக் கேட்கிறார் என்று வையுங்கள். குவிண்டாலுக்கு 445 ரூபாய் நஷ்டம். ஏக்கருக்கு 10,680 ரூபாய்.

வருடத்துக்கு இரண்டு போகம் என்றால் 21,360. ஐந்து வருடத்துக்கு 1,06,800 ரூபாய். எல்லாப் போகத்திலும் இப்படி நடக்காது, பாதிப் போகங்களில் மட்டும்தான் என்று வைத்தால்கூட 53,400 வருகிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி ஆகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், விலையில் இழந்தது அதைவிட அதிகம். அதிலும் தள்ளுபடி வருமா வராதா என்பது தேர்தல் தேதியைப் பொறுத்தது. விலை நஷ்டமோ ஒவ்வொரு அறுவடையிலும் வாசலில் வந்து நிற்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. கொள்முதல் நிலையங்களில் மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் பிடுங்குகிறார்கள் என்பது தமிழ்நாடு முழுவதும் பல வருடங்களாகச் சொல்லப்படும் புகார். 2020-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே இதைக் கடுமையாகக் கண்டித்தது. மூட்டைக்கு 40 ரூபாய் போனால் ஏக்கருக்கு 2,400 ரூபாய். மாநில அரசு கொடுக்கும் ஊக்கத்தொகை ஏக்கருக்கு 3,744 ரூபாய். அதாவது அரசாங்கம் ஒரு கையால் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு தராசுக்குப் பக்கத்திலேயே மறைந்துவிடுகிறது!

ஆகவே சங்கங்களின் முதல் கோரிக்கை கொள்முதலாகத்தான் இருக்க வேண்டும்.

'எங்களுக்கு ஆலை இருக்கிறதே?'

இங்கே ஒரு மறுப்பு வரும். ஆரணி டெல்டா இல்லை. இங்கே நிறைய தனியார் ஆலைகள் இருக்கின்றன. நல்ல சன்ன ரகத்துக்கு ஆலைக்காரர்களே சில சமயம் அரசு விலையைவிட அதிகம் தருகிறார்கள். பிறகு கொள்முதல் நிலையம் எதற்கு?

வாஸ்தவம்தான். ஆனால் கொள்முதல் நிலையத்தின் பலன் அங்கே நெல் போடுகிறவருக்கு மட்டும் இல்லை. பக்கத்து ஊரில் நிலையம் திறந்திருக்கிறது, நாளைக்கே எடை போடுவார்கள் என்று தெரிந்தால், தரகர் 2,100 என்று வாய் திறக்க மாட்டார். நெல்லை ஆலைக்கே விற்கிறவருக்கும் அந்தத் திறந்த கதவுதான் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. கதவு மூடியிருந்தால் ஆதார விலை என்பது செய்தித்தாளில் வரும் ஒரு எண், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. விவசாயிகளில் 93 சதவீதம் பேர் சிறு, குறு விவசாயிகள். இரண்டு ஏக்கர் நெல்லை வைத்துக்கொண்டு விலை ஏறும்வரை காத்திருக்க அவர்களுக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. அறுத்த கையோடு விற்றாக வேண்டும். பேரம் பேசும் பலம் அங்கேயே போய்விடுகிறது.

என்ன கேட்க வேண்டும்?

'கொள்முதலைச் சீர்செய்யுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் 'ஆவன செய்யப்படும்' என்ற பதில்தான் வரும். கேட்பது துல்லியமாக இருக்க வேண்டும்.

முதலாவது, தேதி. டெல்டா அல்லாத மாவட்டங்களில் அறுவடையைப் பார்த்துத்தான் நிலையங்கள் திறக்கப்படுகின்றன. பாதி அறுவடை முடிந்த பிறகு திறந்தால் லாபம் தரகருக்குத்தான். எந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர் நடவு ஆகியிருக்கிறது என்பது அடங்கலில் இருக்கிறது. நடவு தெரிந்தால் அறுவடை எப்போது என்பதும் தெரியும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே நிலையம் திறக்கும் தேதியை அறிவிக்க வேண்டும் என்று கேட்கலாம்.

இரண்டாவது, களம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இது வீண் கெடுபிடி இல்லை. ஈர நெல் சீக்கிரம் கெட்டுவிடும். 2022-லும் 2023-லும் மழைக்குப் பிறகு மத்தியக் குழு வந்து பார்த்து டெல்டாவில் வரம்பைச் சற்றுத் தளர்த்தியது. ஆனால் சொர்ணவாரி அறுவடை மழையில் நனைவது வருடா வருடம் நடப்பது. ஒவ்வொரு முறையும் சலுகைக்காகக் கை நீட்டுவதைவிட, சிமென்ட் களமும் தார்ப்பாயும் உலர்த்தும் இயந்திரமும் கேட்பது புத்திசாலித்தனம். ரோட்டில் நெல் காய வைக்கும் நிலைமையும் மாறும்.

மூன்றாவது, கெடு. கரும்புக்கு ஒரு நல்ல விதி இருக்கிறது. 1966-ம் வருடக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, வெட்டிக் கொடுத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் 15 சதவீத வட்டி. அந்த விதியையே ஆலைகள் மதிக்காமல் நிலுவைக்காக விவசாயிகள் தெருவுக்கு வந்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் விதி இருப்பதால்தான் வழக்கு போட முடிகிறது. நெல்லுக்கும் அப்படி ஒரு கெடுவும், தாமதத்துக்கு வட்டியும் கேட்டால் என்ன?

நான்காவது, கமிஷன். மூட்டைக்குப் பணம் கேட்பது ஏன் நிற்கவில்லை? பருவகாலப் பணியாளர்களாக இருக்கும் பட்டியல் எழுத்தர், குறைந்த கூலிக்கு மூட்டை தூக்கும் தொழிலாளி இவர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கேட்பதும், எல்லோருக்கும் தெரியும்படி எடையும் ஈரப்பதமும் காட்டும் கருவி கேட்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். சங்க உறுப்பினர் ஒருவர் நிலையத்தில் தினமும் உட்கார்ந்திருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இதற்கு அரசாங்கம் தேவையே இல்லை!

ஐந்தாவது, குத்தகைதாரர். நெல் போடச் சிட்டா, அடங்கல், விஏஓ சான்று வேண்டும். நிலம் இன்னொருவர் பெயரில் இருந்தால் அவர் தயவு வேண்டும். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. பயிர் செய்கிறவர் பெயரிலேயே நெல்லை வாங்கும் வழியைக் கேட்பதில் சங்கங்கள் தயங்குகின்றன. காரணம் ஊருக்கே தெரியும். சங்கத்தில் நிலம் விட்டவரும் இருக்கிறார், குத்தகைக்கு எடுத்தவரும் இருக்கிறார். ஆனால் இதைப் பேசாத சங்கம் விவசாயிகள் சங்கமாக இருக்காது, பட்டாதாரர் சங்கமாகத்தான் இருக்கும்.

மற்றவை வேண்டாமா?

வேண்டும். தண்ணீர் இல்லாமல் நெல்லே இல்லை. கமண்டல நாகநதியும் ஏரிகளும் அடுத்த இடத்தில் இருக்க வேண்டியவை. நிலமே பறிபோகும் நிலை வந்தால் வரிசை தலைகீழாகும் என்பதை 2023-ல் இதே மாவட்டத்தில் செய்யாறு பக்கம் மேல்மா காட்டியது. சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த விவசாயிகள் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் முதலில் ஆறு பேர் மீது போட்டதை அரசு விலக்கிக்கொண்டது. அந்த மாதிரி நேரத்தில் கொள்முதலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், பேசவும் கூடாது. ஆனால் சாதாரண வருடங்களில், எல்லா விவசாயியையும் ஒரே நேரத்தில் தொடுவது விலைதான்.

கடைசியாக, தறிக்காரர்களிடமிருந்து ஒரு விஷயம். நெசவாளிக்கும் கஷ்டம் குறைவில்லை. பட்டு நூல் விலையும் கூலியும் அவர் கையில் இல்லை. ஆனாலும் ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக நூல் வாங்கவும் புடவை விற்கவும் ஒரு பாதை இருக்கிறது. அதே ஊரின் பெயரைச் சுமக்கும் அரிசியில், அந்தப் பெயரின் லாபம் மூட்டையைத் தைக்கிறவருக்குப் போகிறது, நெல்லை விளைவித்தவருக்கு இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், ஊர் பாஷையில் 'கமிட்டி'யில், நெல்லை இருப்பு வைத்து அதன் மதிப்பில் 75 சதவீதம்வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். விலை ஏறும்வரை காத்திருக்க இது ஒரு வழி. எத்தனை சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன?

அடுத்த குறைதீர்வு நாளுக்கு இருபது கோரிக்கையோடு போவதற்குப் பதில் ஒரே ஒரு தாளோடு போகலாம். அதில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: நிலையம் எந்தத் தேதியில் திறக்கும், களம் எங்கே கட்டப்படும், பணம் எத்தனை நாளில் வரும். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அடுத்த மாதமும் அதே தாள், அதே மூன்று கேள்வி. கோவை விவசாயிகள் ஒரு பைசாவைப் பிடித்துக்கொண்டு ஜெயித்தார்கள். ஆரணி விவசாயிகள் பிடித்துக்கொள்ளக் குவிண்டாலுக்கு 445 ரூபாய் இருக்கிறது.