சீட் கொடுத்தா மட்டும் போதுமா?



ஆலங்குளத்துல இருந்து ஒரு பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

நம்ம பட்டாசு மண்ணுல கெமிஸ்ட்ரி புத்தகத்துல மட்டும் இருக்குற விசயம் இல்ல. ஸ்ட்ரான்சியம் உப்பு சிவப்பு, பேரியம் பச்சை, சோடியம் மஞ்சள். ஒவ்வொரு உப்பும் அதோட நிறத்துலதான் எரியும். "நீ ஏன் பச்சையா எரியுற?"ன்னு யாரும் அதைத் திட்டுனது கிடையாது. மனுசங்களை மட்டும் திட்டுறோம்.

என்கூட இன்ஜினியரிங் படிச்ச ஒருத்தன் இருந்தான். சர்க்யூட் போடுறதுல வகுப்புலயே அவன்தான் கெட்டி. ஆனா அவன் நடையையும் பேச்சையும் வச்சு தினமும் கேலி. லேப்ல பார்ட்னரா சேர ஆள் இல்ல. மூணாவது வருசம் படிப்பையே விட்டுட்டுப் போயிட்டான். சிரிச்ச கூட்டத்துல நானும் ஒருத்தன். இன்னைக்கு வெட்கத்தோட சொல்றேன்.

அவன் போனதால நட்டம் அவனுக்கு மட்டுமா?

லின் கான்வே என்ற பெயரைத் தெரிஞ்சுக்கங்க. அமெரிக்கக் கணினி விஞ்ஞானி. பெண்ணாக மாறப் போவதாகச் சொன்னதற்காக 1968ல் ஐபிஎம் நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கியது. பழைய அடையாளத்தை மறைத்து, அடிமட்டத்தில் இருந்து மறுபடி தொடங்கினார். பிறகு கார்வர் மீடுடன் சேர்ந்து சிப் வடிவமைக்கும் முறையையே மாற்றினார். உலகம் முழுக்க மாணவர்கள் விஎல்எஸ்ஐ படித்தது அவர்கள் எழுதிய புத்தகத்தில்தான். ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது 2020ல். 52 வருசம் கழிச்சு!

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம பக்கத்து மாவட்டத்துக்கு வாங்க. தூத்துக்குடி மாவட்டத்தில் தலித் குடும்பத்தில் பிறந்தவர் கிரேஸ் பானு. பள்ளியில் சாதியால் ஒதுக்கப்பட்டார், பாலினத்தாலும் விரட்டப்பட்டார். டிப்ளமோ முடித்து, 2014ல் அரக்கோணத்தில் பொறியியல் சேர்ந்தார். தமிழ்நாட்டின் முதல் திருநங்கை பொறியியல் மாணவி அவர். அவரோடு அது நிற்கவில்லை. அவர் மகளாக ஏற்று வளர்த்த தாரிகா பானு, உயர் நீதிமன்றம் வரை போராடி சித்த மருத்துவப் படிப்பில் இடம் வாங்கினார். ஒருத்தர் உள்ளே போனார், அடுத்தவருக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். கூட்டு வாழ்வுன்னா இதுதான்.

2018ல் 377ஆவது பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில், ஐஐடிகளில் படித்த, படித்துக்கொண்டிருந்த 20 பேரும் உண்டு. தனியாப் போயிருந்தா பயம். 20 பேர் சேர்ந்ததால பலம். அந்த ஆண்டு செப்டம்பர் 6ல் தீர்ப்பு வந்தது, தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று.

"எனக்கு இதெல்லாம் புரியலையே"ன்னு சொல்றீங்களா? தப்பில்ல. 2021ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கும் இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகுதான் தீர்ப்பு எழுதினார். நீதிபதியே கத்துக்கிட்டார். நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், ராஜபாளையம் பக்கம் படிக்கிற, பாடம் நடத்துற தோழர்களுக்கு மூணே வேண்டுகோள்.

ஒன்று: திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 11ன்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் இருக்க வேண்டும். உங்க கல்லூரியில் அது யாருன்னு கேளுங்க. பெயரை நோட்டீஸ் போர்டுல போடச் சொல்லுங்க.

இரண்டு: 2022ல் தமிழ்நாடு அரசு, பால்புதுமையினரை மரியாதையோடு குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அந்தச் சொற்களைப் பேச்சில் கொண்டு வாங்க. பட்டப்பெயர் வேண்டாம்.

மூன்று: லேப்ல தனியா நிக்கிற அந்த ஒருத்தர் பக்கத்துல போய் நில்லுங்க. யாரையும் "நீ யாரு?"ன்னு துருவ வேண்டாம். "நான் உன் பார்ட்னரா வரட்டா?"ன்னு கேட்டா போதும்.

வெடிவிபத்து இல்லாத பட்டாசை நாளைக்குக் கண்டுபிடிக்கப் போற மூளை, இன்னைக்கு எந்தக் கடைசி பெஞ்சுல பயந்து உட்கார்ந்திருக்கோ. அன்னைக்கு நான் கேட்காம விட்ட கேள்வியை நீங்களாவது கேளுங்க தோழர்களே!

#யாரும்_தனியாள்_இல்லை
#அறிவியல்_அனைவருக்கும்
#ஆலங்குளம்